டாக்டர் வரும் நேரம் பார்த்து வருகிறவர்

தனபாலண்ணன் போய்விட்டார் என்ற செய்தி ஒரு வியாழக்கிழமை காலையில் நம் வாசகர் வட்டத்தின் புலனக் குழுவில் வந்தது. யாரும் நம்பவில்லை. ஏன் என்று குழுவில் இருக்கிற உங்களுக்குத் தெரியும். முன்பொரு முறை தாப்பாவில் வேறொரு தனபாலன் இறந்தபோது, யாரோ அவசரப்பட்டு நம்மவர் படத்தைப் போட்டுவிட்டார்கள். விளக்கு, பூமாலை, கும்பிடும் கைகள் என்று குழுவே கண்ணீர் வடித்தது. நான் ஒரு இரங்கல் கவிதைகூட எழுதிப் போட்டேன். எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்து முடித்துவிட்டு, கடைசியில் அவரே எழுதினார்: "யார் சொன்னது? ஆதாரம் இருக்கா?" அதற்குக் கீழே இன்னொரு வரி: "கவிதை சுமார்."

ஆகவே இந்த முறை எல்லாரும் உஷாராக இருந்தோம். நான் அப்போது, தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் ரொட்டி சானாயைப் பிய்த்துக் குழம்பில் நனைத்துக்கொண்டிருந்தேன். செய்தியை எல்லாரும் பார்த்துவிட்டார்கள் என்று கைப்பேசி காட்டியது. ஒருவரும் ஒரு பூவைக்கூடப் போடவில்லை. அவருடைய கேள்வி வரட்டும் என்று காத்திருந்தோம். தே தாரிக் தேநீரில் ஏடு படிந்தது. ரொட்டி வறண்டது. கேள்வி வரவில்லை. அதைவிடப் பெரிய ஆதாரம் எனக்கு வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் அவர் மனைவி பார்வதியக்காவுக்குப் போன் செய்தேன்.

"ஆமா தம்பி, நெசந்தான்," என்றார் அக்கா. "நீங்களாச்சும் கேப்பீங்கன்னு நெனச்சேன்."

அவரைத் தெரியாத யாராவது பிற்காலத்தில் இந்த நினைவு மலரைப் புரட்டக்கூடும் என்பதால் கொஞ்சம் சொல்லிவைக்கிறேன். தனபாலண்ணன் செமோருக்கு அப்பால் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அங்கேயே ரப்பர் பால் லோரி ஓட்டினார். தோட்டத்தை விற்று வீட்டு மனைகள் ஆக்கியபோது ஈப்போவுக்கு வந்து, சொந்தமாக ஒரு வேன் வாங்கிப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கினார். புந்தோங் பக்கத்து அடுக்குமாடி ஒன்றின் நான்காம் மாடியில் குடியிருந்தார். நம் மாதக் கூட்டங்களில் கடைசி வரிசையில், கதவோர நாற்காலி அவருடையது. ஏன் அங்கே உட்காருகிறீர்கள் என்று கேட்டதற்கு, "பேசுறவன் பொய் சொன்னா முன் வரிசைக்குத் தெரியாது. கை நடுங்குறது தூரத்துலேர்ந்துதான் தெரியும்," என்றார்.

கடல் கடந்து வந்த ஓர் அறிஞர் நம் கூட்டத்தில் பேசியதை மறந்திருக்கமாட்டீர்கள். உலகத்து மொழிகள் எல்லாமே தமிழிலிருந்து பிறந்தவை என்று அவர் முழங்கினார், நாமும் கை தட்டினோம். கை தட்டல் அடங்கியதும் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஐயா, ஒரு சந்தேகம். கேண்டனீஸுமா?" அறிஞர் சற்றும் தயங்காமல் ஆம் என்றார். "அப்படின்னா என் பக்கத்து வீட்டுச் சீனர் என்னைத் திட்டுறது எனக்கு ஏன் ஐயா புரியல?" அறிஞர் தண்ணீர் குடித்தார். அந்தத் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து கொடுத்ததும் தனபாலண்ணன்தான். என் நகைச்சுவைக் கட்டுரைத் தொகுப்பு வெளியான அன்றும் எழுந்தார். "எழுத்தாளரே, எந்தெந்த எடத்துல சிரிக்கணும்னு உள்ள ஏதாச்சும் குறி போட்டிருக்கீங்களா?" அன்று அரங்கம் சிரித்தது. புத்தகத்துக்கு அப்படிச் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

அவர் எதையும் நம்பமாட்டார். சாப்பாட்டுக் கடையில் மீன் தலையைக் கேட்டால் கண்ணைத் திருப்பிப் பார்ப்பார். வானிலை அறிக்கை மழை இல்லை என்றால் குடை எடுத்துக்கொள்வார். அவர் குடியிருந்த மாடியின் லிஃப்ட் வருடத்தில் பாதி நாள் பழுதாகிக் கிடக்கும். ஓடுகிற நாளிலும் அதில் ஏறமாட்டார். "ஓடுது பாருங்க, அதான் சந்தேகமா இருக்கு," என்பார்.

இப்படிப்பட்டவர், ஆஸ்பத்திரிச் செலவைக் காப்புறுதி நிறுவனம் கட்டும் மெடிக்கல் கார்டை நம்புவாரா? நம் வட்டத்தில் மல்லிகா இருக்கிறாள். கவிதையும் எழுதுவாள், காப்புறுதியும் விற்பாள். எது அவளுக்குப் பிழைப்பு, எது பொழுதுபோக்கு என்று எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. என் மனைவி அவளிடம்தான் எனக்கு ஒரு மெடிக்கல் கார்டு போட்டாள். என்மேல் உள்ள அக்கறை என்று நினைத்துக் கொஞ்ச நாள் நெகிழ்ந்திருந்தேன். "உங்களுக்கு ஒண்ணு ஆனா ஆஸ்பத்திரிக்கு அழுவுறது யாரு?" என்று அவள் கேட்ட பிறகு தெளிந்தேன். ஒரு கூட்டத்தின் இடைவேளையில் மல்லிகா மற்றவர்களிடம் கார்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, தனபாலண்ணன் கோப்பிக் கோப்பையுடன் வந்து நடுவில் நின்றார்.

"தங்கச்சி, நாலு நம்பர் லாட்டரி கட்டுறவன் நல்லது வரணும்னு கட்டுறான். கார்டுக்குக் கட்டுறவன் கெட்டது வந்தாதான் போட்ட காசு திரும்பும். தன் ஒடம்புக்கு எதிரா எவனாச்சும் பந்தயம் கட்டுவானா லா?"

எல்லாரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன், ஏனென்றால் என் பையில் அந்தக் கார்டு இருந்தது. யாருக்கும் எதற்கும் பதில் வைத்திருக்கும் மல்லிகா அன்று தலையைக் குனிந்து கோப்பியில் சர்க்கரை கலக்கினாள். அவள் சர்க்கரை போட்டுக் குடிப்பதில்லை. அதை நான் அப்போதே கவனித்தேன். கவனித்து என்ன பயன், தப்பான பக்கம் சந்தேகப்பட்டேன். அவளுடைய கார்டில்தான் ஏதோ ஓட்டை இருக்கிறது என்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லித் திட்டு வாங்கினேன்.

இனி, நான் பல வருடங்களாக மனதில் வைத்திருந்த பெரிய சந்தேகத்துக்கு வருகிறேன். நம் ஆட்களுக்கு ஆஸ்பத்திரி என்றால் கல்யாண மண்டபத்துக்கு அடுத்தபடி. ஒருவர் படுத்தால் போதும், வேன் வைத்துக்கொண்டு போவோம். ஆனால் கும்பலாகப் போவோம், வேலை முடிந்து சாயங்காலம் போவோம். தனபாலண்ணன் மட்டும் தனியாகப் போவார். காலையில் போவார். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு நேரே தனியார் ஆஸ்பத்திரிதான். யார் படுத்திருந்தாலும் சரி, தெரிந்தவரோ தெரிந்தவருக்குத் தெரிந்தவரோ, டாக்டர் வார்டைச் சுற்றி வரும் நேரத்துக்குச் சரியாகக் கட்டில் பக்கத்தில் நிற்பார். அரசாங்க ஆஸ்பத்திரியில் படுத்தவர்களைப் பார்க்க மட்டும் நம்மோடு சாயங்காலம் வருவார். இந்த வேறுபாட்டை ஊரில் நான் ஒருவன்தான் கண்டுபிடித்தேன் என்று நினைக்கிறேன். கண்டுபிடித்ததும் உறக்கம் போயிற்று.

முதலில், சவப்பெட்டிக் கடைக்கு ஆள் சொல்கிறாரோ என்று நினைத்தேன். ஆனால் அவர் போய்ப் பார்த்தவர்கள் பெரும்பாலும் பிழைத்து வந்தார்கள். அடுத்து, அவரே ரகசியமாகக் காப்புறுதி முகவராகிவிட்டார் என்று கணித்தேன். மல்லிகாவிடம் சொன்னபோது அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினாள். மூன்றாவது, நோயாளிகள் தொடாத காலை உணவுக்காக வருகிறார் என்பது. இதற்கு ஆதாரம் இருந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் குடலிறக்கத்துக்குப் படுத்திருந்தபோது அவருடைய முட்டையைத் தனபாலண்ணன் உரிப்பதை நானே பார்த்தேன்.

அன்று தலைமையாசிரியரைப் பார்க்க வந்த டாக்டரிடம் அவர் கேட்ட கேள்விதான் என்னைக் குழப்பியது. குடலிறக்கத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அப்படியே ஒரு சந்தேகம் டாக்டர்," என்று ஆரம்பித்து, ஒரு பெண்பிள்ளைக்கு மார்பில் வலிக்காத கட்டி இருந்தால் பொறுத்துப் பார்க்கலாமா, உடனே போகவேண்டுமா என்று கேட்டார். தலைமையாசிரியர் போர்வையை இழுத்து மார்பை மூடிக்கொண்டார். காலுடைந்து படுத்திருந்த ஒரு அம்மாவின் கட்டிலருகே, குழந்தைக்கு மூச்சில் விசில் சத்தம் வருவதைப் பற்றிக் கேட்டாராம். இன்னோரிடத்தில் கண்ணில் விழும் திரையைப் பற்றி. டாக்டர் நடக்க நடக்கக் கூடவே நடந்து, லிஃப்ட் கதவு மூடும் வரைக்கும் விடமாட்டார். இத்தனை நோயும் ஒரே உடம்பில் இருந்தால் அந்த உடம்பு வேன் ஓட்டாது. எனக்குத் தெரிந்து அவர் வீட்டில் கைக்குழந்தையும் இல்லை. ஒருவேளை வேறு எங்காவது ஒரு குடும்பம் வைத்திருக்கிறாரோ என்று மனைவியிடம் மெல்லக் கேட்டேன்.

"இப்படியே போனீங்கன்னா உங்களைத் தஞ்சோங் ரம்புத்தான்லதான் கொண்டுபோய் விடணும்," என்றாள். மனநல ஆஸ்பத்திரி இருக்கிற ஊர் அது. எங்கள் பக்கம் ஊர்ப்பெயரைச் சொன்னாலே போதும், மீதியைக் கேட்பவர் புரிந்துகொள்வார்.

திறக்கப்படாமலே நோயாளிக்கு நோயாளி கைமாறும் ஒரு பிஸ்கட் டின்னையும் சொல்லவேண்டும். மூடியில் குதிரை வண்டிப் படம் போட்ட நீல நிற வட்ட டின். தலைமையாசிரியருக்கு அதை வாங்கிக்கொண்டு போனது நான். அவருக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி, ஆகவே திறக்கமாட்டார் என்று தெரியும். அது எங்கெங்கே போகிறது பார்க்கலாம் என்று அடிப்பாகத்தில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்தேன். நடுவயதில் ஒரு மனிதன் செய்கிற வேலையா என்று கேட்காதீர்கள். என் அச்சுக்கடையில் அப்போது வேலை குறைவு.

அந்த டின் ஒரு நாள் என் கட்டிலுக்கே வந்தது. ஒரு கல்யாண விருந்தில் ஆட்டிறைச்சியை மூன்றாவது முறை கேட்டு வாங்கிய எனக்குப் பித்தப்பையில் கல் என்று தெரிந்து, தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். முன்மேசையில் வலி எங்கே என்று கேட்பதற்கு முன் கார்டு எங்கே என்று கேட்டார்கள். மனைவி நீட்டினாள். சாயங்காலத்துக்குள் கட்டில், சன்னல், தொலைக்காட்சி எல்லாம் கிடைத்தன. காலையில் தாதி மிஸி வந்து, "உங்க மாமா கீழ இருந்து கேட்டாரு, டாக்டர் எத்தனை மணிக்கு வருவாருன்னு," என்றாள். எனக்கு மாமா யாரும் உயிரோடு இல்லை. கதவைப் பார்த்தேன். தனபாலண்ணன், கையில் நீல டின்.

டின்னை வாங்கி, விசாரிப்புக்குக்கூட பதில் சொல்லாமல் கவிழ்த்துப் பார்த்தேன். பெருக்கல் குறி இருந்தது.

"என்னா லா, காலாவதி தேதி தேடுறீங்களா?" என்றார். வழக்கமான கிண்டல்தான். ஆனால் மூச்சு வாங்கியது. லிஃப்டை நம்பாமல் படியேறி வந்திருந்தார்.

டாக்டர் வந்தார். நம் ஆள்தான், தமிழ் பேசுவார். என் வயிற்றை அழுத்திப் பார்த்து, நாளை கல்லை எடுத்துவிடலாம் என்றார். கட்டிலின் கால்மாட்டில் நின்ற தனபாலண்ணன் தொண்டையைச் செருமினார். நான் காதைத் தீட்டிக்கொண்டேன். கையும் களவுமாகப் பிடிக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

"ஒரு சந்தேகம் டாக்டர். இவருக்கு மாடி ஏறுறப்ப நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கும். இடது கையி, தாடை வரைக்கும் வலி இழுக்கும். நின்னா போயிரும். அது இந்தக் கல்லுனாலயா?"

"எனக்கா?" என்றேன். "நான் மாடியே ஏறுறதில்லையே."

போர்வைக்கு மேலே என் கால் பெருவிரலை ஒரு கை இறுக்கிப் பிடித்தது.

"எப்பலேர்ந்து?" என்றார் டாக்டர்.

"தீபாவளிலேர்ந்து," என்றார் தனபாலண்ணன்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு வலிக்கிறது உங்களுக்குத் தெரியாது, மாமாவுக்குத் தெரியுது. அப்படித்தானே?"

நான் என் பெருவிரலைப் பார்த்தேன். அதைப் பிடித்திருந்த கையின் விரல்கள் வெளிறியிருந்தன. எல்லாச் சந்தேகங்களும் ஒரே சமயத்தில் என்னை விட்டுப் போயின. அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது பயம்.

டாக்டர் என் நோய்க் குறிப்பேட்டை மிஸியிடம் கொடுத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க மாமா." நாடி பார்த்தார். கையை விடாமலே பேசினார். "இப்ப நேரா கவர்மெண்டு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்க. சாயங்காலம் இல்ல, நாளைக்கு இல்ல. நீங்க காடி ஓட்டாதீங்க, வேற யாராச்சும் ஓட்டட்டும்."

டாக்டர் போன பிறகு தனபாலண்ணன் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, "இங்கேயே படுன்னு சொல்லியிருந்தா, ஆள் பிடிக்கிறான்னு எந்திரிச்சுப் போயிருப்பேன்," என்றார். "பிரைவேட்டு டாக்டரே கவர்மெண்டுக்குப் போன்னு சொல்றான். அப்ப நெசமாவே என்னமோ இருக்கு."

"அண்ணே, அதுக்குத்தான் கார்டு போட்டிருக்கணும்ங்கிறது."

"எழுத்தாளரே, நான் கார்டு வேணாம்னு சொன்னேன்னுதானே ஊரே நெனைக்குது? கார்டுதான் என்னை வேணாம்னுச்சு."

என் மனைவி அவரை அழைத்துப்போக வண்டியை வாசலுக்குக் கொண்டுவரும் வரை அவர் சொன்னதைத்தான் கீழே எழுதுகிறேன். "தோட்டத்து ஆஸ்பத்திரியில டிரெசர் எல்லா நோவுக்கும் ஒரே கலர் தண்ணிதான் ஊத்துவான். ஆனா வா, வராதேன்னு சொல்லமாட்டான். அந்தப் பழக்கத்துலயே இருந்துட்டேன். தோட்டம் போனப்ப டிரெசரும் போயிட்டான்னு மண்டையில ஏறல. வேன் எடுத்தப்ப ஒடம்பு கல்லு மாதிரி இருந்துச்சு, கார்டு எதுக்குன்னு விட்டேன். இனிப்பு நீர் வந்தப்புறம் மல்லிகாகிட்ட யாருக்கும் தெரியாம போனேன். அது நல்ல புள்ள, எழுதி அனுப்புச்சு. திரும்பி வந்துருச்சு. இன்னொரு எடத்துக்கும் அனுப்புச்சு. அதுவும் வந்துருச்சு. இதுல யாரைச் சந்தேகப்படுறதுன்னே தெரியல."

"அப்புறம் ஏன் கூட்டத்துல அந்தப் புள்ளையை அப்படிக் கிண்டல் பண்ணீங்க?"

"நீங்க ஏன் போடலன்னு எவனாச்சும் கேப்பான்ல? நாம முந்திக்கிட்டா கேக்கமாட்டான்."

மல்லிகா சர்க்கரை கலக்கியது எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரு மனிதரின் மானத்துக்காக அவள் அத்தனை பேர் சிரிப்பையும் வாங்கிக்கொண்டாள். அவளுடைய கவிதைகளைப் பற்றி நான் அங்கங்கே சொன்னதை எல்லாம் இத்தோடு திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சிலவற்றைத் தவிர.

அரசாங்க ஆஸ்பத்திரியில் அவரிடம் யாரும் கார்டு கேட்கவில்லை. அடையாள அட்டையை மட்டும் பார்த்துவிட்டுக் கட்டில் கொடுத்தார்கள். ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள், மிஸிகள் நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். ஆபத்தைத் தள்ளிவைத்தார்கள், அவ்வளவுதான் அன்றைக்குச் செய்ய முடிந்தது. நெஞ்சுக்குப் போகும் ரத்தக் குழாயில் எங்கே அடைப்பு என்று குழாய் விட்டுப் பார்க்கவேண்டும், அதற்கு வரிசை இருக்கிறது என்றார்கள். மாதங்கள் தள்ளி ஒரு தேதி கொடுத்தார்கள். அவர் கோபப்படவில்லை. "எனக்கு முன்னாடி நிக்கிறவனுக்கும் நெஞ்சுதானே," என்றார். அதே சோதனையைத் தனியாரில் மறுநாளே செய்வார்கள். போய் விலை கேட்டு வந்தார். வேனை விற்றாலும் பாதிக் கிணறுதான் தாண்டலாம் என்று சிரித்தார்.

வேனை அவர் உடனே நிறுத்திவிட்டார். எதையும் சந்தேகப்பட்டுக் காலம் கடத்துகிற மனிதர் இதில் மட்டும் ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. "வண்டி நிறையப் பிள்ளைங்க. என் நெஞ்சை நம்பி ஓட்டமுடியாது," என்று சாவியை இன்னோர் ஓட்டுநரிடம் கொடுத்தார். அதோடு வருமானமும் போயிற்று. பார்வதியக்கா ஒரு சாப்பாட்டுக் கடையில் காய் நறுக்கப் போனார்.

வசூல் செய்யலாம் என்று நானும் மல்லிகாவும் பேசினோம். இரண்டே பேர், என் கடையில், கதவைச் சாத்திக்கொண்டு. மறுநாளே வந்து நின்றார்.

"என் பேர்ல ஏதாச்சும் டப்பா சுத்துதா?"

"யார் சொன்னது அண்ணே? ஆதாரம் இருக்கா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "சுத்த விட்டுறாதீங்க எழுத்தாளரே. வட்டத்துல எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு எனக்கு வைத்தியம் பாத்துட்டா, அடுத்த கூட்டத்துல நான் யாரை, எப்படிக் கேள்வி கேக்குறது? பின்னாடி உக்காந்துக்கிட்டு கை தட்டத்தான் முடியும். அதுக்கு இந்த நெஞ்சே தேவல."

"உயிரை விடக் கேள்வி பெருசா?"

"தேதி குடுத்திருக்காங்க லா. வரட்டும் பாப்போம். எல்லாத்தையும் சந்தேகப்பட்டுட்டேன், ஒரு தேதியையாச்சும் நம்பிப் பாக்குறேன்."

அவர் நம்பிய அந்த ஒன்று வருவதற்குள் அவர் போய்விட்டார். காலைக் கோப்பியைக் குடித்துவிட்டு, சன்னலோர நாற்காலியில், பள்ளி வேன்கள் போவதைப் பார்த்தபடி. "தேதிக்குப் போட்டுக்கணும்னு ஒரு சட்டையைத் தேச்சு மாட்டி வச்சிருந்தாரு தம்பி," என்றார் பார்வதியக்கா. அந்தச் சட்டையைத்தான் அவருக்குப் போட்டிருந்தார்கள்.

அன்றைக்கு லிஃப்ட் வேலை செய்தது. அவர் இருந்திருந்தால் நம்பியிருக்கமாட்டார்.

சாவு வீட்டில் வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். தங்கமான மனசு, யார் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் முதல் ஆளாக ஓடி வருவார். நானும் தலையாட்டினேன். அவர் ஓடியது தன் நெஞ்சுக்காக என்ற உண்மை தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்ற நினைப்பில், கொஞ்சம் பெருந்தன்மையாகக்கூட நின்றுகொண்டிருந்தேன். ஆனாலும் மூளையின் ஒரு மூலையில் அந்தக் கட்டியும், குழந்தையின் விசில் மூச்சும், கண்ணின் திரையும் கணக்கில் சேராமல் நின்றன.

மூன்றாம் மாடிக் கமலாக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நீங்கதானே அந்த எழுத்தாளரு? சந்தேகப்படுவீங்களாமே. அண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்." பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இனிமே எங்க கேள்வியெல்லாம் யாரு கொண்டுபோய்க் கேக்குறது?" என்றார்.

"என்ன கேள்வி அக்கா?"

அப்போதுதான் தெரிந்தது. அந்த அடுக்குமாடியில் கார்டு உள்ளவர்கள் குறைவு. துப்புரவு வேலை, காவல் வேலை, தினக்கூலி. அரசாங்க கிளினிக்கில் போய் நின்றால் அன்றைய கூலி போய்விடும். போகவேண்டிய நோயா, தானாகச் சரியாகும் நோயா என்று தெரியாமலே தள்ளிப் போடுவார்கள். சாயங்காலம் தனபாலண்ணன் பழுதான லிஃப்டுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காருவார். அவரவர் வந்து தம் வலியைச் சொல்வார்கள். அரசாங்க வார்டில் டாக்டர் வரும் நேரத்தில் பார்வையாளரை விடமாட்டார்கள், ஆகவே காலையில் ஏதாவதொரு தனியார் வார்டில், யாருடைய கட்டில் அருகிலாவது நின்று அதைக் கேட்டு வருவார். மறுநாள் பதில் வரும். இதுக்கு ஒண்ணும் இல்ல, வயசு. இதுக்கு நாளைக்கே போ, கூலியைப் பாக்காத.

"எனக்குக் கட்டி இருந்துச்சு," என்றார் கமலாக்கா. சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வலிக்கல, சும்மா விட்டுடலாம்னு இருந்தேன். கேட்டுட்டு வந்து, அவரே வேன்ல ஏத்தி கவர்மெண்டு ஆஸ்பத்திரியில கொண்டுபோய் விட்டாரு. இன்னும் ஒரு வருசம் விட்டிருந்தா நான் இங்க உக்காந்திருக்கமாட்டேன்னு டாக்டரு சொன்னாங்க."

தலைமையாசிரியர் போர்வையை இழுத்து மூடிக்கொண்ட அந்தக் காலை என் கண்முன் வந்தது. உரித்த முட்டையும் வந்தது. எதைப் பார்க்கவேண்டுமோ அதை விட்டுவிட்டு நான் முட்டையைப் பார்த்திருக்கிறேன்.

பார்வதியக்காவிடம் கேட்டேன். "அக்கா, அண்ணன் தன்னோட வலியை எங்கெல்லாம் கேட்டாரு?"

"ஒரு எடத்துலதான் தம்பி. உங்க வார்டுல. மத்தவங்க கேள்வின்னா வாய் கூசாது, தன்னோடதுன்னா கூசும். நான்தான் கேளுங்க, கேளுங்கன்னு சண்டை போட்டேன். எழுத்தாளரு எப்படியும் என்னைச் சந்தேகப்பட்டுக்கிட்டுதான் கெடக்குறாரு, அங்கயே கேட்டுடுறேன்னாரு."

இந்த மலரைப் படிக்கிற உங்களில் பலர் அவருடைய கேள்விகளால் மேடையில் வியர்த்தவர்கள். அவர் கேட்ட கேள்விகளிலேயே ஒன்றில்தான் அவருடைய உயிர் இருந்தது. அதைக் கடைசியாகக் கேட்டார். பதிலும் சரியாகவே கிடைத்தது. பதிலுக்கும் தேதிக்கும் நடுவே இருந்த தூரத்தைத்தான் அவரால் கடக்க முடியவில்லை. கையில் ஒரு அட்டை இருந்த எனக்கு அந்தத் தூரம் ஒரு சாயங்காலம். எனக்கு வந்தது வெறும் கல், அதுவும் பிறர் வீட்டு ஆட்டிறைச்சியால் வந்தது.

அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தவை இரண்டு. ஒன்று அந்த நீல டின், அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது நான் அவருக்கே திருப்பிக் கொடுத்தது. பார்வதியக்காவே எடுத்துக் கொடுத்தார். பிஸ்கட் இன்னும் உள்ளேதான் இருக்கிறது, திறக்கும் தைரியம் யாருக்கும் இல்லை. இன்னொன்று அவருடைய சந்தேகம். என்னுடையது ஆளைப் பார்த்து வருகிற சந்தேகம். அவருடையது அப்படி இல்லை, வலியைப் பார்த்து வருகிறது.

போன வாரம் நம் வட்டத்து நண்பர் ஒருவர் இடுப்பெலும்பு முறிந்து தனியார் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். கடையைத் தாமதமாகத் திறந்துகொள்ளலாம் என்று காலையிலேயே போனேன், டின்னோடு. எலும்பு டாக்டர் வந்தார், பார்த்தார், கிளம்பினார். நான் பின்னாலேயே நடந்தேன்.

"ஒரு சந்தேகம் டாக்டர். காலையில எந்திரிச்சா கை விரல் மரத்துப்போயி, கோப்பையைப் பிடிக்க முடியாம நழுவுது. பொறுத்துப் பாக்கலாமா, உடனே போகணுமா?"

அவர் நின்றார். என் கைகளைப் பார்த்தார். இரண்டும் டின்னை நன்றாகவே பிடித்திருந்தன.

"யாருக்கு?"

"அடுக்குமாடியில ஒரு அக்காவுக்கு. துப்புரவு வேலை. கார்டு கிடையாது."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. பல வருடங்கள் தனபாலண்ணனை நான் அப்படித்தான் பார்த்தேன். லிஃப்ட் வந்தது. டாக்டர் உள்ளே போய் நின்றுகொண்டு, மூடவந்த கதவை ஒரு கையால் தடுத்துப் பிடித்தார்.

"சொல்லுங்க," என்றார். "எந்தக் கை?"